அடைமழைக்கு முன்: வீட்டிலும் வேலையிடத்திலும் நீங்கள் விடாமல் செய்யும் பாதுகாப்புப் பழக்கம் எது?

நீடாமங்கலத்தான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். ஆயுத பூசைக்குச் சில நாட்களே இருக்கின்றன. அது முடிந்த கையோடு ஐப்பசி மழை தொடங்கிவிடும். சுவரில் ஈரம் ஏறுவதும், வயலில் தண்ணீர் நின்றதும் பாம்புகள் வீட்டுப் பக்கம் ஒதுங்குவதும், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாவதும் நம் பகுதியில் ஒரே பருவத்தில் நடக்கின்றன என்பதால், முன்கூட்டியே இதைப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ யாரும் வற்புறுத்தாமலே பல ஆண்டுகளாக நிலைத்திருக்கும் பாதுகாப்புப் பழக்கம் எது? அது நிலைத்ததற்கு உங்கள் சொந்தக் கைவண்ணம் ஏதேனும் காரணமாக இருந்ததா?

நான் ஒரு நவீன அரிசி ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் சுவர்களில் பாதுகாப்பு வாசகங்களுக்குக் குறைவில்லை. உமித்தூசி படிந்து அவற்றின் எழுத்தே மறைந்துவிட்டது. துடைக்க வேண்டும் என்று இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் நுழைவாயிலுக்கு உட்புறம் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளை எவரும் மறப்பதில்லை. தோளில் துண்டுடன் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் அருகில் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும், வயதில் மூத்த ஒருவரிடம் துண்டை எடுத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்று சொன்னால், அது அவருக்கு மரியாதைக் குறைவாகவே படும். எங்களுக்கு முன்பிருந்த மேஸ்திரி ஆளுக்கோர் ஆணி அடித்து, அதன் மேல் அவரவருக்குப் பிடித்த அடையாளத்தை அவரவர் கையாலேயே வரையச் சொன்னார். வேல், பிறை, சிலுவை, மீன், உழவுமாடு என்று சுவர் நிறைந்தது. கட்சிச் சின்னங்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து துண்டைக் கழற்றுவதற்கு ஒருவரும் ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆணிகளுக்கு யாரும் எதிர்பாராத இன்னொரு பயனும் வாய்த்தது. பழுது பார்த்து முடித்த பின்போ, வேலை முடிந்து பூட்டும்போதோ, ஏதாவது ஓர் ஆணியில் துண்டு தொங்கிக் கொண்டிருந்தால் அதற்குரியவர் உள்ளேதான் இருக்கிறார் என்று பொருள். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் குழிக்குள் சிந்தியதை அள்ளிக் கொண்டிருக்கலாம். ஊறல் தொட்டியின் பின்புறம் வால்வைத் திருகிக் கொண்டிருக்கலாம். அவரை நேரில் பார்க்காமல் மெயின் சுவிட்சைப் போடுவதில்லை என்பது எங்கள் ஆலையின் எழுதப்படாத சட்டமாகிவிட்டது.

பழைய இயந்திரப் பகுதியில் இன்னொரு வழக்கமும் உண்டு. குழிக்குள் இறங்குபவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுதான் இறங்குவார். வெளியே நிற்பவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டாலும் இயந்திரம் ஓடாது. புதிய பலகையில் பிடுங்குவதற்குக் கட்டை இல்லை என்பதால், பழுது பார்ப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய பூட்டு கொடுத்திருக்கிறோம். சுவிட்சின் கைப்பிடியை அணைத்த நிலையில் பூட்டிவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து கொள்கிறார்கள். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

ஐயா, ஃபியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக் கொள்வது மின்பணியில் இருக்கும் எங்களுக்கு முதல் பாடம். பாபநாசம் வட்டாரத்தில் வீட்டு மின்னிணைப்பு வேலை செய்கிறேன் என்பதால் வீடுகளைப் பற்றி எழுதுகிறேன். என் கருத்து உங்களுடையதிலிருந்து சற்று மாறுபட்டது: வீட்டில் பழக்கத்தை நம்புவதற்கு முன்னால் கருவியைப் பொருத்த வேண்டும்.

மழைக்காலத்தில் நம் ஊர் வீடுகளில் உயிர் பறிப்பது பெரும்பாலும் பெரிய மின்கம்பி கிடையாது. துணி உலர்த்தும் இரும்புக் கொடிக்கம்பிதான். கொல்லைப்புற விளக்குக்குப் போகும் வயரை அதே கம்பியில் சுற்றிக் கொண்டு போயிருப்பார்கள். அல்லது கொடியின் ஒரு முனையைத் தகரக் கூரையின் குழாயில் கட்டியிருப்பார்கள், அந்தக் குழாயின் மேல் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் உராய்ந்து கொண்டிருக்கும். வெயில் காலம் முழுவதும் ஒன்றும் நடக்காது. வயரின் மேலுறை வெடித்து, அதில் மழைநீர் இறங்கியதும், ஈரத் துணியோடு கை வைப்பவருக்கு அந்தக் கம்பி எமனாகிறது. விழுந்தவரைத் தூக்க ஓடி வருபவரும் சேர்ந்து சாகிறார். ஆகவே முதல் வேலையாகக் கொடிக்கம்பியை அறுத்தெறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் செலவுதான்.

அடுத்தது ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச் இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். எம்சிபி காப்பது வயரை. மனிதனைக் காப்பது ஆர்சிசிபி. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக் கொண்டே இருக்கிறது, யாரோ ஒருவரின் உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தால் கணக்கில் வித்தியாசம் வரும், உடனே துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைத்தான் வாங்க வேண்டும். 100, 300 என்று இருப்பவை தீவிபத்தைத் தடுக்க உதவுமே தவிர, ஆளைக் காப்பாற்றப் போதாது. ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் இந்தக் கருவிக்கு அது கசிவாகவே தெரியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எர்த் குழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் களிமண் மழைக்காலத்தில் ஈரமாக இருப்பதால் எர்த் நன்றாக வேலை செய்யும்; சித்திரை வெயிலில் மண் பாளம் பாளமாக வெடிக்கும்போது அது வலுவிழந்துவிடும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் எங்கள் தாத்தா காலத்து வீடுகளில் இருந்தது. இப்போது குழி எங்கே இருக்கிறது என்றே வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

மன்னை ஆசிரியை எழுதியது:

குடமுருட்டிக்கரைத் தம்பி எழுதியதை முழுவதுமாக ஏற்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த ஆர்சிசிபியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதை எத்தனை வீடுகளில் அழுத்திப் பார்க்கிறார்கள்? பொருத்திய நாளில் மின்பணியாளர் அழுத்திக் காட்டுவார். அதன் பிறகு யாரும் தொடுவதில்லை. உள்ளே பாகங்கள் இறுகிப் போய், தேவைப்படும் நாளில் அது விழாமலும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்காமலும் இருக்கலாம். கருவியை உயிரோடு வைத்திருப்பது பழக்கம்தான். எங்கள் வீட்டில் அமாவாசையன்று காலையில் பூசை அறையைத் துடைத்துக் கோலம் போடுவோம். மிக்ஸியும் தொலைக்காட்சியும் ஓடாத அந்த நேரத்தில் என் பேத்தி முக்காலியில் ஏறிப் பொத்தானை அழுத்துவாள். வீடு முழுவதும் மின்விசிறிகள் நின்றால் அவளுக்கு வெற்றி. மறந்து போனாலும் அவள் விடமாட்டாள். இதுதான் எங்கள் வீட்டுக் கைவண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொந்தக் கைவண்ணம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். நம் வீடுகளில் ஆபத்தை உண்டாக்குவதும் பெரும்பாலும் அதே கைவண்ணம்தான். மின்பலகை அழகாக இல்லை என்று அதன் மேல் நாட்காட்டி மாட்டுகிறார்கள்; அவசரத்தில் சுவிட்ச் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மீட்டர் பெட்டிக்குப் பிளாஸ்டிக் பூமாலை போடுகிறார்கள். சிலிண்டர் கண்ணில் படக் கூடாது என்று அடுப்பு மேடைக்குக் கீழே நைலான் திரை கட்டுகிறார்கள். அதைவிட மோசம், இடமில்லை என்பதற்காகச் சமையல் மேடையின் ஓரத்திலேயே சாமி படம் வைத்து விளக்கேற்றுவது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து நிற்கும். ஒரு சுடரோ, சுவிட்சில் எழும் சிறு பொறியோ போதும். நாற்றம் வந்தால் விளக்கையோ மின்விசிறியையோ போடாமலும் அணைக்காமலும், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வெளியேறி 1906 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று என் மாணவிகளுக்கு ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆகவே நீடாமங்கலத்தாரிடம் என் விண்ணப்பம்: எல்லாக் கைவண்ணத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். உங்கள் ஆணி ஓர் ஆபத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. மீட்டர் பெட்டியின் பூமாலை அதை மறைக்கிறது.

மகாமகக்குளத்தெரு எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன் நான். அம்மா எழுதிய சிலிண்டர் விஷயத்தோடு ஒன்று சேர்க்கிறேன். சிலிண்டரின் கழுத்தை ஒட்டிய பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் சனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் சூன் வரை, சி என்றால் சூலை முதல் செப்டம்பர் வரை, டி என்றால் அக்டோபர் முதல் திசம்பர் வரை. எண் என்பது ஆண்டு. அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டர் மறுசோதனைக்குப் போயிருக்க வேண்டும். தேதி கடந்ததைக் கொண்டு வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதிகம் படிக்காதவர்கள்; ஆனால் சிலிண்டர் வண்டி வந்ததும் எல்லோரும் முதலில் கழுத்துப் பட்டையைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் தொழிலில் கைவண்ணம் என்றால் உடைதான். அடுப்பருகில் நிற்பவர் பாலியஸ்டர் சட்டை அணியக் கூடாது. பருத்தி வேட்டியை மடித்து இறுகக் கட்டி, துண்டைத் தலையில் கட்ட வேண்டும். தீப்பட்டால் பருத்தி எரியும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக் கொள்ளும், பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. அப்பளம் பொரிக்கும் வாணலிக்குப் பக்கத்தில் அதை முழுவதும் மூடக்கூடிய ஒரு தட்டு எப்போதும் சாய்த்து வைத்திருக்கும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு அந்தத் தட்டால் மூடிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை உயரத்துக்கு வீசும். இதை ஒவ்வொரு புதிய பையனுக்கும் நானே நேரில் சொல்லித் தருகிறேன்.

கீற்றுப் பந்தலுக்குக் கீழே நான் அடுப்பு மூட்டுவதில்லை. எவ்வளவு பெரிய இடத்துத் திருமணமாக இருந்தாலும் சரி, சமையலுக்குத் தனியாகத் தகரக் கொட்டகை போட்டுத் தந்தால்தான் முன்பணம் வாங்குவேன். 2004 சூலை 16 அன்று எங்கள் ஊர்ப் பள்ளித் தீவிபத்தில் நடந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, 94 குழந்தைகள். அந்தத் தீ சமையல் அடுப்பில் தொடங்கி, கீற்றுக் கூரையில் பரவியது. இந்த ஊரில் இருந்து கொண்டு இதில் விட்டுக் கொடுக்க எனக்கு மனம் வராது.

முள்ளியாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மின்சாரத்தையும் தீயையும் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நான் பாம்பைப் பற்றி எழுதுகிறேன்.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கும் நம் நாட்டில் மிகுதியான உயிரிழப்புக்குக் காரணமானவை. இவற்றில் மழைக்கால இரவுகளில் நான் மிகவும் அஞ்சியது கட்டுவிரியனுக்குத்தான். மற்ற பாம்புகள் கடித்தால் வலியோ வீக்கமோ காட்டிக் கொடுக்கும். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரை நள்ளிரவில் கடிக்கும். பல நேரங்களில் வலி இருக்காது, பல் தடம்கூடத் தெளிவாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார்கள், வாந்தி எடுப்பார்கள், வாயுக் கோளாறு என்று கசாயம் கொடுப்பார்கள்; அதற்குள் கண்ணிமை தொங்கத் தொடங்கிவிடும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு விடுவதே சிரமமாகும். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியும் இமைச் சரிவும் இருந்தால், கடி தென்படாவிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

தடுப்பதற்கு நான் கண்ட எளிய வழி கட்டிலும் கொசுவலையும்தான். கொசுவலையைத் தொங்கவிட்டால் போதாது. பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். எங்கள் வீட்டில் படுக்கப் போகும் முன் வலையைச் செருகுவது என் பொறுப்பு. மகன்களுக்குத் திருமணமாகிப் பேரன்கள் வந்த பின்பும், அவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்து தங்கும் நாட்களில் ஒவ்வொரு படுக்கையாகப் போய் நானேதான் செருகிவிட்டு வருகிறேன். மருமகள்கள் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும்.

வைக்கோல் போரிலும் வறட்டி அடுக்கிலும் வெறுங்கையை விட வேண்டாம். முதலில் கோலால் தட்டுங்கள். இரவில் கொல்லைக்குப் போவதற்குக் கதவருகில் டார்ச் விளக்கும் ஊன்றுகோலும் இருக்க வேண்டும். தரையைத் தட்டிக் கொண்டே நடந்தால் அந்த அதிர்வை உணர்ந்து பாம்பு பெரும்பாலும் ஒதுங்கிவிடும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பாம்பை அடித்துக் கொண்டு வர வேண்டிய தேவையும் இல்லை. மேற்சொன்ன நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான் கொடுக்கிறோம். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி அறிவிக்கை செய்யப்பட்ட நோயாக இருப்பதால், ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்கின்றன.

ஒரத்தநாட்டுப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரில் தனியாக இருக்கிறார்கள். தீபாவளிக்கு வரும்போது ஒரு பகல் முழுவதையும் இந்த வேலைகளுக்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். எதை முதலில் செய்வது? சொல்லப் போனால் அப்பாவுக்கு நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது. போன மழையில் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று யாரையோ வைத்து அதைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுத்துவிட்டார்.

நீடாமங்கலத்தான் எழுதியது:

தம்பி, மின்சாரத்துக்குக் குடமுருட்டிக்கரையார் பதில் சொல்வார். உங்கள் வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மாடத்தில் வைத்திருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். மருந்து எப்போதும் அதன் சொந்தக் கலனிலேயே இருக்க வேண்டும்; அதன் மேலுள்ள முக்கோணத்தின் நிறம் நச்சின் அளவைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடியது; அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். பழைய டிரங்குப் பெட்டி ஒன்றில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியை அம்மாவின் கருத்துக்கு என் பதில்: நீங்கள் சொன்ன வேறுபாடு சரியானது, அதை ஏற்கிறேன். ஆயுத பூசைக்கு எங்கள் ஆலையிலும் மின்பலகைக்கு மாலை போடுகிறார்கள். இந்த ஆண்டு அதைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மற்றபடி ஆயுத பூசையை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆண்டு முழுவதும் ஓடும் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்பது அன்று ஒரு நாள்தான். இயக்குபவர் தன் இயந்திரத்தைத் தன் கையால் துடைத்துச் சந்தனம் வைக்கிறார். சந்தனம் வைக்க வேண்டிய இடங்களாக நாங்கள் சொல்வது மோட்டாரின் எர்த் கம்பி முனை, பெல்ட் உறையின் நான்கு திருகுகள், அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவை. உறை இல்லாமல் ஓடிக் கொண்டிருக்கும் பெல்ட் அன்று கட்டாயம் கண்ணில் பட்டுவிடும், ஏனென்றால் பொட்டு வைக்க இடமிருக்காது.

வெண்ணாற்று உழவன் எழுதியது:

மேற்பார்வையாளர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். இப்போது ஆலைகளிலும் நடவு வேலைகளிலும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோள் துண்டும் கிடையாது. ஆணியின் வரலாறும் தெரியாது. எழுதப்படாத சட்டம் அவர்களை எப்படிக் காக்கும்?

அறுவடையைப் பற்றியும் ஒரு செய்தி. தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் கதிர் அறுக்கும் இயந்திரத்தின் தானியக் குழாய் உரசினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சைக்கு அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை நாம் எல்லோரும் அறிவோம். எங்கள் வயலில் கம்பி தொய்ந்திருக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும், சற்றுத் தள்ளி, ஆள் உயரத்துக்கும் குறைவான மூங்கில் குச்சி நட்டு, என் மனைவியின் பழைய சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவோம். வெளியூர் ஓட்டுநருக்கு நம் வயலின் நெளிவு சுளிவு தெரியாது. சிவப்புத் துணியைக் கண்டதும் குழாயை மடக்கிக் கொள்வார். கம்பியை இழுத்துக் கட்டச் சொல்லி மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்திருக்கிறோம். எலிக்கும் பன்றிக்கும் மின்வேலி போடுபவர்களை நினைத்தால்தான் கோபம் வருகிறது. எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்ற பொறி இருக்கும்போது, நீர் பாய்ச்ச வரும் மனிதனைக் கொல்லும் கம்பி எதற்கு?

நீடாமங்கலத்தான் எழுதியது:

நியாயமான கேள்வி. துண்டுக்குப் பதிலாக அவர்களுக்கு ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்தோம். படம் அவர்களே வரைந்தது: விமானம், மயில், கிரிக்கெட் மட்டை, மாம்பழம். உள்ளே நுழையும்போது வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும், வெளியேறும்போது எடுத்துக் கொள்ள வேண்டும். மொழி தெரியாமலே மாம்பழம் இன்னும் உள்ளே இருக்கிறான் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. உமிச் சாம்பல் குவியலைப் பற்றித்தான் அவர்களிடம் பல முறை சொல்ல வேண்டியிருந்தது. மேலே வெண்மையாகவும் ஆறியதுபோலவும் தெரியும். உள்ளே நாட்கணக்கில் கனன்று கொண்டிருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கி வெந்துவிடும். இப்போது குவியலைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறோம்.

வேதை உப்பளம் எழுதியது:

கடற்கரை ஓரத்திலிருந்து சிறு குறிப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியில் கரையைக் கடந்ததிலிருந்து, ஐப்பசி பிறப்பதற்குள் வீட்டுக்கு மேல் சாய்ந்திருக்கும் தென்னையின் முதிர்ந்த மட்டைகளையும் குலைகளையும் இறக்கிவிடுகிறோம். குடும்ப அட்டை, பட்டா, நகைக் கடன் சீட்டு எல்லாம் மூடியுள்ள பெயின்ட் வாளியில் இருக்கின்றன. வாளியின் மேல் என் மகள் எங்கள் நால்வரின் படத்தை வரைந்து வைத்திருக்கிறாள், ஓடும்போது யார் எடுப்பது என்ற குழப்பமே வராது, அது அவளுடையது. புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே போய்விடாதீர்கள், எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடிக்கும். மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மெயினைத் துண்டிக்காமல் வீட்டு வயரிங்கில் அதைச் செருகினால், மின்சாரம் பின்னோக்கிப் போய்க் கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கும்.

உப்பளத்தில் கண்ணைக் காப்பதும் பெரும்பாடு. வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி அவசியம். பெண்கள் அதை அணிய வெட்கப்பட்டார்கள். தலைவி ஒருவர் பூப்போட்ட சட்டமுள்ள கண்ணாடியோடு வந்த பிறகு எல்லோரும் கேட்டு வாங்கிக் கொண்டார்கள்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

ஒரத்தநாட்டுத் தம்பிக்கு: ஆர்சிசிபியை நேர் இணைப்பாக்கியதை உடனே சரி செய்ய வேண்டும், உங்கள் ஒரு பகலில் முதல் வேலை இதுதான். அது அடிக்கடி விழுந்தது என்றால் கருவி கெட்டுப் போயிருக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். எல்லா எம்சிபிகளையும் அணைத்துவிட்டு ஆர்சிசிபியை மேலே ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வோர் எம்சிபியாகப் போட்டுக் கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தப் பகுதியில் கோளாறு இருக்கிறது. அந்தப் பகுதியின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். நம் ஊரில் மழைக்காலத்தில் நான் அதிகம் பார்த்தவை வாசல் விளக்கின் ஹோல்டர், குளியலறை ஹீட்டர், மொட்டை மாடி சுவிட்ச், தண்ணீர் மோட்டார் ஆகியவைதான். எல்லா எம்சிபிகளையும் அணைத்தும் விழுவது நிற்கவில்லை என்றால் நியூட்ரல் வழியாகக் கசிவு இருக்கலாம். அதற்கு மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

உங்கள் அப்பாவிடம் பேசும்போது கருவியைப் பற்றிப் பேசாதீர்கள். கசியும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி கேளுங்கள். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று பலகையின் உட்பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நான் போகும் வீடுகளில் பெரியவர்கள் தாங்களே எழுதிய பலகையில் வேறொருவர் கை வைக்கச் சுலபத்தில் விடுவதில்லை.

ஒரத்தநாட்டுப் பிள்ளை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அப்பா ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். பட்டியல் எழுதுவது என்றால் மறுக்க மாட்டார். கொசுவலையும் நைலான் கயிறும் இங்கிருந்தே வாங்கி வருகிறேன். வயலில் மோட்டார் கொட்டகை ஒன்றும் இருக்கிறது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

குடமுருட்டிக்கரை எழுதியது:

ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பாக இருந்தால் அதன் உடலிலிருந்து எர்த் கம்பி போகிறதா, முனை துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்கு முன்னால் காய்ந்த மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போட்டு, அதன் மேல் நின்றுதான் அப்பா பொத்தானை அழுத்த வேண்டும். ஈரக்கையும் வெறுங்காலும் கூடாது. கெபாசிட்டர் இருந்தால் மின்சாரத்தை அணைத்த பின்பும் அதில் கொஞ்ச நேரம் மின்னேற்றம் தங்கியிருக்கும். நீங்கள் திறக்க வேண்டாம். ஃபியூஸ் கட்டையில் முறுக்கிய செம்புக் கம்பி கட்டியிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். பெட்டிக்குள் பல்லி, எலி, சில நேரங்களில் பாம்பும் இருக்கும் என்பதால் மூடியைக் கோலால் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். செவிலியர் அக்கா சொன்னது இங்கேயும் பொருந்தும்.

இன்னொன்று: வீட்டு ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தியும் அது விழவில்லை என்றால் புதிதாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய நாள் ஒரத்தநாட்டுக் கடைகளில் மின்பணியாளரும் கிடைக்க மாட்டார், நீங்கள் கேட்கும் அளவும் கிடைக்காது. இப்போதே அப்பாவிடம் பலகையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை ஆம்பியர், இரண்டு முனையா நான்கு முனையா என்று பார்த்துச் சொல்கிறேன்.